மலிவுப் பதநீரில் பனை எவ்வளவு?

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசியிலிருந்து ஐந்தருவி வரைக்கும் சாலையோரம் நெடுகக் குடிப்பதற்கு ஏதாவது விற்றுக்கொண்டே இருப்பார்கள். அவற்றில் புட்டியில் அடைத்து வரும் பழ பானத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அப்படியே குடிக்கத் தயாரான பழ பானத்தில் குறைந்தது 10 விழுக்காடு பழச்சாறு இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்; எலுமிச்சை வகை என்றால் 5 விழுக்காடு போதும். பத்தில் ஒரு பங்குதானா என்று வருத்தப்படலாம். ஆனாலும் அந்தப் பங்கு எவ்வளவு என்பது புட்டியின் மேல் அச்சாகியிருக்கிறது. வாசித்துவிட்டு வாங்கலாம், வேண்டாம் என்று வைத்துவிடலாம். பக்கத்திலேயே குடத்திலிருந்து ஊற்றித் தரும் பதநீருக்கு அப்படி ஒரு சீட்டு கிடையாது. அதில் பனை எத்தனை பங்கு, தண்ணீரும் சீனியும் எத்தனை பங்கு என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும். மலிவாகக் கிடைக்கும் இந்தப் பதநீர் குடிக்கத் தகுந்ததுதானா? அது எதனால் மலிவானது என்பதைப் பொறுத்தே பதில் அமையும். பனைக்குப் பக்கத்திலேயே, இறக்கிய கையோடு விற்பதால் மலிவு என்றால், இந்த வட்டாரத்தில் அதற்கு ஈடான பானம் வேறொன்று இல்லை என்றே சொல்வேன். பனையே இல்லாமல் செய்ததால் மலிவு என்றால் காசு கொடுத்து வாங்க அதில் எதுவுமில்லை. இந்த இரண்டையும் நாக்கு மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். பனஞ்சாற்றின் வேதியியலும் பனையேறியின் உழைப்புக் கணக்கும் தெரிந்தால் ஓரளவு பிரிக்கலாம்.

இதே கேள்வி இங்கிலாந்தில் ஆப்பிளை வைத்து எழுகிறது. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் அங்கே பேரங்காடிகளில் மிகக் குறைந்த விலைக்கும் கிடைக்கும், பழத்தோட்டத்தில் செய்தது உயர்ந்த விலைக்கும் கிடைக்கும். அங்குள்ள வரிச் சட்டத்தின்படி சைடர் என்ற பெயரில் வரி கட்ட, பானத்தில் 35 விழுக்காடு ஆப்பிள் அல்லது பேரிச் சாறு இருந்தால் போதும்; அதுவும் சுண்டவைத்த சாற்றில் தண்ணீர் சேர்த்ததாக இருக்கலாம். மீதியைச் சர்க்கரையும் தண்ணீரும் நிரப்பலாம். ஈஸ்டுக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்ற கவலை கிடையாது. ஆப்பிளின் சர்க்கரையையும் கரும்பின் சர்க்கரையையும் ஒரேபோலச் சாராயமாக்கும். அதனால் போதை குறையாமலே பழத்தைக் குறைத்துவிட முடிகிறது. குறைவது மணமும், துவர்ப்பும், பழத்திலிருந்து வரும் அமிலமும்தான். அங்கே இது சட்டத்துக்கு உட்பட்டது, வெளிப்படையானது. இங்கே பதநீரில் நடப்பது அதே கணக்குதான், ஆனால் எந்த வரம்பும் இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் நடக்கிறது.

பதநீர் எப்படி வருகிறது என்பதிலேயே அதைப் போலி செய்யத் தூண்டும் காரணமும் இருக்கிறது. பனை தன் இலைகளில் செய்த சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் அனுப்பும் பாதையில்தான் பனையேறி குறுக்கிடுகிறார். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டுகிறார். சீவிய முகம் காய்ந்து அடைபட்டுவிடும் என்பதால் காலையும் மாலையும் மறுபடி ஏறிச் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் சாறு குறைந்துவிடும். ஒரு பனை ஏறத்தாழ 15 மீட்டர் உயரம், ஒருவர் முப்பது மரம், இரண்டு வேளை என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு அவர் 900 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறார். இறங்குவதும் அதே அளவு. இடையில் ஒரு பிடி நழுவினால் என்ன ஆகும் என்பது சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். பதநீரின் விலையில் பெரும்பகுதி இந்த 900 மீட்டருக்கான கூலிதான். இந்த ஏற்றத்தை விட்டுவிட்டால் பதநீர் வியாபாரத்தில் செலவு என்று சொல்ல அதிகம் எதுவும் மிஞ்சாது.

கலயத்தில் சொட்டும் சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு சர்க்கரை இருக்கிறது, பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்புச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். இந்த ஒற்றுமைதான் கலப்படத்துக்கு வசதி செய்து தருகிறது, பின்னால் இதற்குத் திரும்ப வேண்டும். சர்க்கரையோடு அமினோ அமிலங்களும் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் இருப்பதால் நுண்ணுயிர்களுக்கு இது முழுச் சாப்பாடு. பாளையிலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் காத்திருக்கும் ஈஸ்ட் முதல் சொட்டிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கூடவே சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் சேரும். சைடர் கலங்கிக் கெட்டுப்போவதற்குக் காரணம் தேடிய பார்க்கர், ஹில்லியர் என்ற இரண்டு இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1912-இல் விவரித்த குற்றவாளி இதே இனம். சைடர்காரர்களுக்குப் பகையான அது பனங்கள்ளில் முதன்மையான வேலைக்காரன். தடுக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் சாறு நுரைக்கும், அன்று மாலைக்குள் கள்ளாகும், அடுத்த நாள் காடியாகப் புளிக்கும். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸ் 92 கிராம் சாராயத்தையும் 88 கிராம் கரியமில வாயுவையும் தரும். அதனால் 12 விழுக்காடு சர்க்கரை முழுதும் மாறினால் எடையில் 6 விழுக்காடு அளவுக்குச் சாராயம் வரலாம். நடைமுறையில் கள்ளில் இருப்பது அதைவிடக் குறைவு.

இதைத் தடுப்பது கலயத்தின் உள்ளே தடவும் சுண்ணாம்பு. நீரில் கரைந்த சுண்ணாம்பு கடுமையான காரம். நிறைவுற்ற சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவு 12-க்கு மேல். சாற்றில் கலந்து நீர்த்த பிறகும் காரம் ஈஸ்டால் தாங்க முடியாத அளவில் நிற்கிறது. ஈஸ்ட் விரும்புவது இலேசான புளிப்பை. ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் பதநீரையும் கள்ளையும் பிரிக்கிறது, தமிழ்நாட்டில் சட்டத்தையும் பிரிக்கிறது. 1987-இலிருந்து இங்கே கள் இறக்கத் தடை; ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை அரசு உரிமத்தோடு நடக்கிறது. ஆகவே ஆப்பிள் சைடருக்கு நிகரான நம்முடைய பானத்தைத் தென்காசியில் குடிக்க வழியில்லை. நமக்குச் சட்டப்படி இருப்பது அதன் புளிக்காத பருவம் மட்டும். அந்தப் பருவமோ மிகக் குறுகியது. சுண்ணாம்பு சரியாக இட்டாலும் வெயிலில் சில மணி நேரத்துக்கு மேல் நிற்காது. கூடுதலாக இட்டால் நிற்கும், ஆனால் நாக்கை அரிக்கும். தென்னையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று உண்டு: காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பனிக்கட்டி வைத்த பெட்டியைப் பாளையில் கட்டி, சுண்ணாம்பே இல்லாமல் குளிர்ச்சியால் புளிப்பைத் தடுக்கும் முறையை உருவாக்கியது. பனையின் உயரத்துக்குப் பனிக்கட்டி சுமந்து ஏறுவது வேறு விதமான துன்பம்.

இனி விலைக்கு வருவோம். எட்டு லிட்டர் நல்ல பதநீரைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். கலப்பில்லாத கருப்பட்டி கிலோ 320 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், லிட்டர் பதநீர் கருப்பட்டியாகவே 40 ரூபாய் பெறும். விறகுக்கும் காய்ச்சும் கைகளுக்கும் போவதைக் கழித்தாலும் முப்பதுக்குக் கீழே இறங்காது. அதற்கும் குறைவாகப் பதநீரை விற்பதைவிடக் காய்ச்சிவிடுவதே பனையேறிக்கு இலாபம். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். லிட்டர் தண்ணீரில் 120 கிராம் சீனி கரைத்தால், சீனி கிலோ 45 ரூபாய் என்றாலும், செலவு ஐந்தரை ரூபாய்க்குள் அடங்கும். சீனியைப்போல் சுமார் 300 மடங்கு இனிக்கும் சாக்கரின் சேர்த்தால் அந்த ஐந்தரையும் சில காசுகளாகச் சுருங்கும். நாற்பது ரூபாய்ச் சரக்கை ஐந்து ரூபாயில் நகலெடுக்க முடிகிற எந்த வியாபாரத்திலும் நகல் வரும். பனையில் மட்டும் வராமல் இருக்கும் என்று நம்ப இடமில்லை. சீனி கலந்த கருப்பட்டியைப் பற்றிய புகார்கள் தென் மாவட்டங்களில் நீண்ட காலமாக இருந்து வருவதும் இதே காரணத்தால்தான். இதில் கசப்பான உண்மை ஒன்று உண்டு. போலி பதநீர் பெரும்பாலும் மலிவாக விற்கப்படுவதில்லை, அசலின் விலைக்கே விற்கப்படுகிறது. ஆகவே மிகக் குறைந்த விலை ஓர் எச்சரிக்கை. கூடுதல் விலையோ எதற்கும் சான்றாகாது.

அப்படியானால் கண்டுபிடிப்பது எப்படி? மஞ்சள்தூள் சிறிது போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். காரத்தில் மஞ்சள் சிவக்கும். ஆனால் அது காட்டுவது சுண்ணாம்பைத்தான், பனையை அல்ல. சீனித் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தாலும் அதேபோல் சிவக்கும். சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மானி கொஞ்சம் உதவும். சாக்கரின் இனிக்கும், ஆனால் கரைசலின் அடர்த்தியைக் கூட்டாது. ஆகவே நாக்கில் தித்திப்பாக இருந்து மானியில் 4, 5 என்று காட்டினால் அதில் தண்ணீரும் சாக்கரினும் இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். சீனி கலந்தவரை மட்டும் இந்த மானியால் பிடிக்க முடியாது, ஏனென்றால் சுக்ரோஸ் சுக்ரோஸ்தான். இங்கே உதவிக்கு வருவது தாவரவியல். பனையும் ஆப்பிளும் நெல்லும் காற்றிலிருந்து கரியமில வாயுவை நேரடியாக ஒரு நொதியால் பிடிப்பவை. கரும்பும் சோளமும் வேறு வழி வைத்திருக்கின்றன: முதலில் நான்கு கரிம அணுக்கள் உள்ள ஓர் அமிலமாகச் சேர்த்துவைத்துப் பிறகு பயன்படுத்துகின்றன. கரும்பை வைத்தே இந்த வழியை 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் விளக்கினார்கள். இரண்டு வழிகளுக்கும் கரிமத்தின் கனமான வகையான கரிமம்-13 மீதுள்ள விருப்பம் வேறு. பனை போன்ற செடிகள் அதைப் பெரிதும் ஒதுக்கும். கரும்பு அவ்வளவாக ஒதுக்காது. உலகத் தரத்தோடு ஒப்பிட்டு ஆயிரத்தில் கணக்கிட்டால் முதல் வகையின் சர்க்கரை மைனஸ் 27-ஐ ஒட்டியும், கரும்புச் சீனி மைனஸ் 12-ஐ ஒட்டியும் நிற்கும். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 19, 20 என்று நடுவில் வரும். எவ்வளவு காய்ச்சினாலும், சுண்ணாம்பு போட்டாலும், புளிக்கவைத்தாலும் இந்த அடையாளம் அழிவதில்லை. ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை கலந்தால் இந்தச் சோதனை ஏமாறும், ஏனென்றால் பீட்ரூட்டும் ஆப்பிளின் வகைதான். தமிழ்நாட்டில் கடைச் சீனி என்றால் கரும்புதான். நம் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் இந்தச் சோதனை அவர்களுக்கு உதவுவதைவிட நன்றாகவே உதவும்.

இது எட்டாத கனவு இல்லை. தேனுக்கு நம் நாட்டுச் சட்டம் ஏற்கனவே இதைக் கேட்கிறது. தேனில் கரும்பு வகைச் சர்க்கரை 7 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. தேனீக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு பனையேறிக்கும் கிடைக்க வேண்டும். கருவி விலை உயர்ந்தது என்பது உண்மை. ஒவ்வொரு குடத்தையும் அளக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் பாளையங்கோட்டையில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது. பருவத்தில் சில நூறு மாதிரிகளை அங்கிருந்து வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தாலே யார் எங்கே கலக்கிறார்கள் என்ற வரைபடம் கிடைத்துவிடும். சாலையோரத்தில் சில நூறு ரூபாய்ப் பிரிக்ஸ் மானியை வைத்துச் சாக்கரின்காரர்களை அன்றன்றைக்கே பிடிக்கலாம்.

சர்க்கரை எல்லாம் சர்க்கரைதானே, பனையில் வந்தால் என்ன கரும்பில் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடல்நலத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. 12 விழுக்காடு சர்க்கரை உள்ள பதநீரை 300 மில்லி குடித்தால் 36 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சர்க்கரையை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் நிறுத்தச் சொல்லும் உலகச் சுகாதார நிறுவனம், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறது. பதநீரில் உள்ள பொட்டாசியமும் சுண்ணச்சத்தும் இந்தக் கணக்கை மாற்றிவிடாது. பதநீர் நீரிழிவுக்கு மருந்து என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்து நீரிழிவுக்காரர் குடித்தால் பாதிப்பு அவருக்குத்தான். பதநீரை மருந்தாக்க வேண்டிய தேவையும் இல்லை. அது ஒரு நல்ல பானம், எப்போதாவது ஒரு பட்டை குடிக்கத் தகுந்தது. ஆனால் கேள்வி உடல்நலத்தோடு முடிவதில்லை. சீனித் தண்ணீர்தான் வேண்டும் என்றால் வீட்டில் ஐந்து ரூபாயில் கலக்கிக்கொள்ளலாம். பதநீர் என்று கேட்டு நாற்பது ரூபாய் கொடுப்பவர் பனையின் மணத்துக்கும் பனையேறியின் உழைப்புக்கும் கொடுக்கிறார். அந்தப் பணம் அவரிடம் போகவில்லை என்றால் அது களவு. போலி விற்கிற ஒவ்வொரு குடமும் அசல் விற்பவரின் சந்தையைச் சுருக்குகிறது. அடுத்த ஆண்டு ஏறுவதற்கு ஆள் குறைகிறார்கள். ஏற ஆளில்லாத பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது.

சுகாதாரத்தை முன்வைப்பவர்கள் இன்னொன்று சொல்வார்கள்: திறந்த கலயத்தில் வரும் பதநீரைவிடப் புட்டி பாதுகாப்பானதுதானே என்று. இந்தக் கவலையை நான் தள்ளவில்லை. வங்கதேசத்தில் பச்சையாகக் குடிக்கும் ஈச்சஞ்சாற்றில் பழந்தின்னி வௌவாலின் எச்சில் விழுந்து நிபா வைரஸ் மனிதருக்குப் பரவியது ஆய்வில் நிறுவப்பட்ட உண்மை; மரத்தில் சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடுவதை அங்கே பரிந்துரைக்கிறார்கள். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு எல்லைக்கு இந்தப் பக்கம் நாமும் அதை மறந்துவிட முடியாது. கலயத்தின் வாயை ஓலையால் மூடிக் கட்டுவது இங்கேயும் வேண்டியதே. ஆனால் அன்றாட ஆபத்து இதைவிடச் சாதாரணமானது: கலக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, மிதக்கும் ஐஸ் எதற்காகச் செய்தது என்பதே அது. அசல் பதநீரில் தண்ணீருக்கு வேலையே இல்லை. கலப்படக்காரர் ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் சுண்ணாம்பின் காரத்தை நீர்க்கச் செய்து, கிருமிகளுக்கு எதிராக இருந்த ஒரே காவலையும் தளர்த்துகிறது. சுகாதாரத்தைக் காரணம் காட்டினாலும் வந்து சேருவது அசல் பதநீரிடம்தான்.

வாங்குபவருக்குப் பருவமும் நேரமும்தான் கைக்கு எட்டும் கருவிகள். பதநீர் பெருகுவது பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில். குற்றாலத்தில் கூட்டம் சேருவது ஆனி, ஆடியில். மேற்கே மலையடியில் சாரல் விழும்போது பனை ஏறுவது வழுக்கும், கலயத்தில் மழைநீர் சேரும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் அப்போதும் வறண்டே இருக்கும் என்பதால் கொஞ்சம் பதநீர் வரத்தான் செய்யும். ஆனால் சாறு வற்றுகிற மாதத்தில் குடிப்பவர் எண்ணிக்கை பல மடங்கு கூடியும் குடங்கள் வற்றாமல் இருந்தால், நடுவில் எது நிரப்பியது என்று கேட்க வேண்டும். பொழுதும் அப்படித்தான். காலையில் இறக்கியது மதியத்துக்குள் மாறத் தொடங்கும். ஒன்று சுண்ணாம்பு முன்னுக்கு நிற்கும், இல்லையென்றால் இலேசாகப் புளித்து நுரைக்கும். பிற்பகல் மூன்று மணிக்கும் ஐஸ் இல்லாமலே காலையில் இருந்ததுபோல் தித்திப்பாக, சுண்ணாம்பு வாடையோ புளிப்போ நுரையோ இன்றி இருக்கும் குடத்தில் ஈஸ்டுக்கு உணவாகும் அமினோ அமிலங்கள் அதிகம் இல்லை என்று பொருள். வெறும் சீனிக் கரைசலில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும்.

சித்திரையில் ஆலங்குளத்துக்கோ கடையத்துக்கோ காலை எட்டு மணிக்குள் போகிறவர், பனந்தோப்புக்குப் பக்கத்திலேயே, சுண்ணாம்பு அடியில் தெளிந்த பிறகு ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம். கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம். ஆடியில் பிற்பகலில் அருவிக்கரையில் தாகமெடுத்தால் இளநீர் போதும். அதில் சர்க்கரை பதநீரில் உள்ளதில் பாதிகூட இல்லை. வெட்டும் வரைக்கும் அதற்குள் யாராலும் எதையும் கலக்க முடியாது.